சப்பாணி கொட்டும் வகுப்பறை

மாற்றுத்திறன் மாணவரின் படிப்புக்குள் இசை மூன்று வழிகளில் வருகிறது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர் குழந்தையின் பேச்சையோ நடையையோ பழக்கத்தையோ குறியாக வைத்து நடத்துவது இசைச் சிகிச்சை. மற்றப் பிள்ளைகளைப் போலவே பாட்டோ மிருதங்கமோ கற்றுக்கொள்வது இசைக் கல்வி. எழுத்து, எண், சட்டைப் பொத்தான் போடுவது, வரிசையில் நிற்பது என்று வேறொன்றைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் பாட்டையும் தாளத்தையும் கையில் எடுப்பது மூன்றாவது. பேச்சுவழக்கில் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். முதலாவதில் தேர்ந்தவர்கள் பெருநகரங்களிலேயே குறைவு. இரண்டாவதற்குத் தனி ஆசிரியர் வேண்டும். மூன்றாவதைத்தான் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்தின் சாதாரண ஊராட்சி ஒன்றியப் பள்ளிகூட நாளைக் காலையிலேயே தொடங்க முடியும்.

அந்த மூன்றாவது வழி இந்த வட்டாரங்கள் அடங்கிய விருதுநகர் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கண்ணனைக் கைக்குழந்தையாகவும் தம்மை யசோதையாகவும் வைத்து அவர் பாடிய திருமொழியில் தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை, அப்பூச்சி என்று குழந்தையின் ஒவ்வொரு அசைவுக்கும் தனிப் பதிகம் உண்டு. பின்னால் வந்த பிள்ளைத்தமிழ் இலக்கணம் இவற்றில் பலவற்றுக்கு மாதக் கணக்கும் வகுத்தது. ஐந்தாம் மாதம் செங்கீரை: கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: இரு கையும் சேர்த்துக் கொட்டுவது. ஆண்டு நிறைவை ஒட்டி வருகை: நடந்து வருவது. தலை நின்றதா, இரு கைகளும் மார்புக்கு நேரே வந்து சந்திக்கின்றனவா, அழைத்தால் திரும்புகிறதா என்று இன்றைய குழந்தை மருத்துவர் பார்க்கும் பட்டியலும் ஏறக்குறைய இதுதான். அழைப்பதும் பாட்டு, குழந்தையின் உடல் சொல்லும் பதிலும் பாட்டுக்குள்ளேயே. ‘சப்பாணி’ என்ற சொல்லே இன்று கால் நலிந்தவரை ஏசும் சொல்லாக ஊர்களில் புழங்குவது வருத்தத்துக்குரியது. பெரியாழ்வாரிடம் அது ஒரு குழந்தை கை தட்டும் மகிழ்ச்சியின் பெயர்.

சட்டத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளின் கணக்கு காலந்தோறும் விரிந்து வந்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 வகைகளாக விரித்தது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு போன்றவை அவற்றில் அடக்கம். 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அக்கம்பக்கப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமையாகிறது. அதிகம் பேசப்படாத இன்னொரு பிரிவும் அதே சட்டத்தில் உண்டு. கலை, பண்பாட்டுப் பாடங்களையும் மாற்றுத்திறனாளிகள் கலந்துகொள்ளத் தக்கவாறு திருத்தி அமைக்கச் சொல்கிறது அது.

விருதுநகர் மாவட்டத்தில் 11 ஒன்றியங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் இயங்கும் வட்டார வள மையங்களைச் சார்ந்து சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் பணியாற்றுகிறார்கள். பிள்ளைகளில் சிலர் ஊர்ப் பள்ளியில் மற்றவர்களோடு உட்கார்ந்து படிக்கிறார்கள். சிலர் பகல்நேர மையத்துக்கு வருகிறார்கள். எழுந்து வர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி. பட்டாசு வட்டாரத்தில் இந்தக் கடைசிப் பிரிவின் நிலைமை தனித்துச் சொல்லவேண்டியது. விடிந்ததும் ஆலை வண்டி தாயையும் தகப்பனையும் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது பெரும்பாலும் பாட்டிதான். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து சிறுவர்களை மீட்டுப் பள்ளியில் சேர்க்க இந்த மண்ணில் பெரும் முயற்சிகள் நடந்தன. 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமும், சிவகாசி நிலைமையை வைத்து 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அவற்றில் முக்கியமானவை. அவை தேடியது வேலைக்குப் போன பிள்ளைகளை. வேலைக்கும் போகாமல் பள்ளிக்கும் போகாமல் திண்ணையில் கிடந்த பிள்ளை அந்தத் தேடலில் எளிதாகக் கண்ணில் படவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தாளம் எதற்கு என்ற கேள்விக்கு முதல் விடை உடலில் இருக்கிறது. தாளம் அடுத்து வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆதிதாளத்தில் ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று எட்டு எண்ணி முடிந்தால் மறுபடி தட்டுதான் வரும் என்பது இரண்டாம் சுற்றிலேயே தெரிந்துவிடும். எப்போது காலைத் தூக்குவது, எப்போது வைப்பது என்று திணறும் உடலுக்கு இந்த முன்னறிவிப்பு பெரிய துணை. அமெரிக்காவில் மைக்கேல் தாட் 1990-களில் உருவாக்கிய முறை இதையே அடிப்படையாகக் கொண்டது: சீரான தாளத்தைக் கேட்கவைத்து அதற்கு நடக்கவைப்பது. பக்கவாதம் கண்ட பெரியவர்களுக்காகத் தொடங்கிய அது, மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகளின் நடைப் பயிற்சியிலும் பயன்படுகிறது. நடையின் வேகத்தையே தாளத்தின் வேகமாக முதலில் வைத்துக்கொள்வதுதான் இதில் சூட்சுமம். பிள்ளை எப்படி நடக்கிறதோ அப்படித் தட்ட வேண்டும். அது நிலைத்த பிறகே கொஞ்சம் கொஞ்சமாகக் காலம் கூட்டலாம். ஆசிரியர் தம் வேகத்துக்குத் தட்டிப் பிள்ளையை ஓடிவரச் சொன்னால் விழுவதுதான் மிச்சம்.

ஒயிலாட்டமும் கும்மியும் இந்த வேலைக்கு அப்படியே பொருந்துகின்றன. கும்மியில் குனிந்து நிமிர்வதும் கைகள் நடுவில் சந்திப்பதும் பக்கத்துப் பிள்ளையோடு ஒத்து அடி வைப்பதும் ஒரே சுற்றில் வந்துவிடும். சக்கர நாற்காலியில் இருப்பவரை வட்டத்தின் நடுவே நிறுத்தித் தாளம் போடச் சொல்வதைவிட வட்டத்திலேயே சேர்த்து, நாற்காலியையும் அடிக்கேற்ப நகர்த்துவது நல்லது. நடுவில் வைப்பது மரியாதைபோலத் தோன்றும். உண்மையில் ஆட்டத்திலிருந்து விலக்குவதுதான்.

பேச்சுக்கு வரும்போது தமிழ்நாட்டுக்கென்றே ஒரு செல்வம் உண்டு: சொற்கட்டு. தவில், மிருதங்க வகுப்புகளில் கைக்கு முன் வாய்தான் பழகும். தக என்றால் இரண்டு, தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிட தகதிமி ஏழு. நாவின் நுனி, மேல்வாய், தொண்டை என்று ஒலி பிறக்கும் இடங்கள் மாறி மாறி வருவதால் திக்குவாய்ப் பிள்ளைக்கும் நாக்குக் கனத்த பிள்ளைக்கும் இது விளையாட்டாகவே பயிற்சியாகிறது. பொருளில்லாத சொல் என்பதால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயமும் இல்லை. பேச முடியாதவர் பாட முடிவதை மருத்துவ உலகம் நெடுநாளாக அறியும். மூளைப் பாதிப்பால் பேச்சிழந்தவர்களுக்குச் சிறு சொற்றொடர்களை ராகமாக இழுத்து, இடது கையால் தட்டிக்கொண்டே சொல்லவைக்கும் முறை 1973-இல் பாஸ்டன் நகரில் வெளியானது. அதே நகரில் 2011-இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வு, ஒரு சொல்லும் பேசாத ஆட்டிசக் குழந்தைகள் 6 பேரை எடுத்துக்கொண்டது. சுருதி கூட்டிய இரண்டு மத்தளங்களைத் தட்டியபடி சொற்களைப் பாடிப் பழகிய அவர்களிடம் 40 அமர்வுகளுக்குப் பின் புதிய ஒலிகள் எழுந்தன. ஆறு பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர இயலாது என்றாலும், மத்தளத்தையும் சொல்லையும் ஒன்றாகக் கட்டும் அந்த உத்தி தவில் வித்துவான் வீட்டுப் பிள்ளைக்கு முன்பே தெரிந்ததுதான்.

தமிழ் எழுத்தைக் கற்பிப்பதிலும் தாளம் நேராக உள்ளே நுழைகிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரை என்றால் கண்ணிமைக்கும் நேரம் அல்லது கைநொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியமே அளவு சொல்கிறது. அதாவது தமிழில் எழுத்தின் இலக்கணமே கால அளவில் நிற்கிறது. கல், கால், பல், பால், மண், மாண் என்ற இணைகளில் தடுமாறும் கற்றல் குறைபாடுள்ள மாணவருக்குச் சிவப்பு மையில் சுழித்துக் காட்டிப் பயன் குறைவு. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குத் தட்டிவிட்டுக் கையை இழுப்பது என்று உடம்பால் உணர்த்தினால் வேறுபாடு காதில் விழத் தொடங்கும். காதில் விழுந்த பிறகே கண் நெடிலின் துணைக்காலைத் தேடும். கேம்பிரிட்ஜில் உஷா கோஸ்வாமி என்ற அறிஞர், வாசிப்புக் குறைபாட்டின் வேர்களில் ஒன்று பேச்சின் தாளத்தை மூளை பிடிப்பதில் உள்ள சிரமம் என்று பல ஆண்டுகளாக எடுத்துரைத்து வருகிறார். அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் ஆங்கிலத்தை. குறில் நெடிலால் பொருளே மாறிவிடும் தமிழில் இது இன்னும் ஆழமாக ஆராயத்தக்கது.

பாட்டு நினைவைத் தாங்கும் என்பதைத் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் நன்றாக அறிந்திருந்தன. எண்சுவடியும் நிகண்டும் இராகத்தோடு ஒப்பிக்கப்பட்டே தலைமுறைகளைக் கடந்தன. 2022-23 கல்வியாண்டில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டையும் ஆடலையும் பொம்மலாட்டத்தையும் வகுப்புக்குள் கொண்டுவந்தது. மாற்றுத்திறன் மாணவர் மற்றவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து கலந்துகொள்ள இதைவிட எளிய வாயில் கிடையாது. ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒன்று முதல் ஐம்பது வரை ராகத்தோடு பிசகாமல் பாடும் பிள்ளையிடம் ஐந்து புளியங்கொட்டை எடுக்கச் சொன்னால் கை நிறைய அள்ளி நீட்டும். பாட்டு மனப்பாடமாகிவிட்டது, எண் வரவில்லை. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளிடம் இது அடிக்கடி நேரும். ஒவ்வொரு எண்ணைப் பாடும்போதும் ஒரு கொட்டையை நகர்த்தவைத்து, பிறகு ராகத்தை மெல்லக் குறைத்து, கடைசியில் வெறும் பேச்சாக்கி, பாட்டில்லாமலும் எண்ண முடிகிறதா என்று பார்த்தால்தான் பாடம் முடிந்ததாகும். கை கழுவும் பாட்டும் பல் துலக்கும் பாட்டும் அப்படியே. கை தானாகக் கழுவத் தொடங்கியதும் பாட்டு விலக வேண்டும்.

ஆட்டிசமுள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது சிவகாசியின் சத்தத்தைத் தள்ளிவைக்க முடியாது. இந்தியாவின் பட்டாசில் மிகப் பெரும்பகுதி இங்கிருந்தே போகிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கக்கூடாது என்பது 1999 முதல் உள்ள விதி. அந்த அளவே காதுக்கு வலி தரும் எல்லையை நெருங்குகிறது. ஆட்டிசமுள்ள பிள்ளைகளில் பலருக்குக் குக்கர் விசிலும் பள்ளி மணியுமே தாங்காது. காதைப் பொத்திக்கொண்டு ஓடும், தலையைச் சுவரில் மோதும். இதை அடம் என்று அடிக்கும் வீடுகளும் உண்டு. அது அடம் அன்று, வலி.

இங்கே இசை இரண்டு வேலைகளைச் செய்யலாம். சத்தம் எப்போது வரும் என்பதைச் சொல்வது ஒன்று. 2018 முதல் தமிழ்நாட்டில் தீபாவளியன்று வெடிக்கக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஊர் அதைக் கடைப்பிடித்தால் பிள்ளைக்குப் படம் காட்டி, கடிகார முள்ளைக் காட்டி, அந்த நேரத்துக்கென்று பழகிய பாட்டைக் காதுமூடியில் ஒலிக்கவிட்டுத் தயார்செய்ய முடியும். சத்தத்தின் கடிவாளத்தைப் பிள்ளையின் கையில் கொடுப்பது மற்றொன்று. பிறர் எழுப்பும் ஓசைக்கு நடுங்கும் பிள்ளை, தானே தட்டும் மத்தளத்தின் ஓசையைப் பொறுத்துக்கொள்வதைப் பல ஆசிரியர்கள் கண்டிருக்கிறார்கள். முதலில் விரல் நுனியால், பிறகு உள்ளங்கையால், நிறுத்த நினைத்தால் உடனே நிறுத்திக்கொள்ளலாம் என்ற உறுதியோடு தொடங்க வேண்டும்.

அதே சமயம் இசை ஆட்டிசத்தைப் போக்கிவிடும் என்று நம்பவைப்பது பெற்றோரை ஏமாற்றுவதாகும். 9 நாடுகளில் 364 குழந்தைகளை வைத்து நடந்து 2017-இல் வெளியான பெரிய ஆய்வில், இசைச் சிகிச்சை பெற்றவர்களிடம் ஆட்டிசத்தின் சமூக அறிகுறிகள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. 2022-இல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மற்றொரு மதிப்பீடு கொஞ்சம் நம்பிக்கை தந்தது. பொதுவான முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் இசை உதவக்கூடும் என்றது. பேச்சு கூடுகிறதா என்பதில் தெளிவான சான்று இல்லை என்றும் சொன்னது. இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று வார இதழ்களிலும் கைப்பேசியிலும் சுற்றும் பட்டியல்களுக்கு இந்த அளவுக்குக்கூட ஆதாரம் கிடையாது. கூலி வாங்கி வாழும் வீட்டில் அத்தகைய ‘ராக சிகிச்சை’க்குச் செலவிடும் பணம், பேச்சுப் பயிற்சிக்கும் இயன்முறைப் பயிற்சிக்கும் போகவேண்டிய பணம்.

காது கேளாத மாணவருக்கு இசை எதற்கு என்று கேட்பவர்கள் தவிலைத் தொட்டுப் பார்க்கலாம். பலாமரத்தைக் குடைந்த அந்த உடல், தொப்பிப் பக்கத்து அடியைக் கைக்கும் நெஞ்சுக்கும் தெளிவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தாழ்ந்த ஒலியைத் தோலும் எலும்புமே உணர்ந்துவிடும். தீபாவளியன்று காது கேளாத பிள்ளையும் அணுகுண்டுப் பட்டாசு வெடிப்பதை நெஞ்சில் உணர்ந்து திரும்பிப் பார்ப்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுக்குள் கேட்புத் திறனைப் பெரிதும் இழந்த ஸ்காட்லாந்துக்காரர் எவலின் கிளென்னி, செருப்பில்லாமல் மேடையேறித் தரையின் அதிர்வைப் பாதத்தால் வாங்கி வாசித்தே உலகப் புகழ்பெற்ற தாளவாத்தியக் கலைஞரானார். வெனிசுவேலாவின் பார்க்கிசிமெதோ நகரத்து ‘வெள்ளைக் கைகள்’ குழுவில், ஒரு பிரிவினர் குரலால் பாட, காது கேளாத பிள்ளைகள் வெள்ளைக் கையுறை அணிந்து சைகையால் அதே பாட்டைப் பாடுகிறார்கள். காக்ளியர் கருவி பொருத்திய பிள்ளைகள் பற்றி ஆசிரியர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அக்கருவி தாளத்தை நன்றாகவே கடத்தும். சுருதியின் ஏற்ற இறக்கத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆகையால் ராகத்தில் தொடங்காமல் பறையிலும் கைத்தட்டிலும் தொடங்குவதே நியாயம். பறையைப் பிள்ளை கையில் கொடுக்கத் தயங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தயக்கத்தைச் சாதி தந்தது; வகுப்பறை அதற்கு இடம் கொடுக்கக்கூடாது.

பார்வையற்றவர் கல்வியில் இசைக்கு நீண்ட வரலாறு உண்டு. புள்ளி எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் தேவாலய ஆர்கன் இசைக்கலைஞர். 1829-இல் அவர் வெளியிட்ட நூல் எழுத்துக்கு மட்டுமன்றி இசைக் குறியீட்டுக்கும் சேர்த்தே புள்ளிகளை வகுத்தது. தென்மாவட்டங்களில் பார்வையற்றோருக்கான கல்வி 1890-இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் என்ற மிஷனரிப் பெண்மணியால் தொடங்கியது. கர்நாடக இசையில் கும்பகோணம் சரப சாஸ்திரி பார்வையின்றியே புல்லாங்குழலைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தினார். சிறு வயதிலேயே பார்வை இழந்த எம். சந்திரசேகரனுக்கு வயலின் கற்பித்தவர் தாயார் சாருபாலா மோகன். அந்தப் பிள்ளைக்கு 2005-இல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. இப்படிப்பட்ட பெயர்களைச் சொல்லிச் சொல்லியே, கண் தெரியாத பிள்ளை என்றால் பாட்டுக்கு அனுப்பு என்று முடிவுகட்டிவிடும் வழக்கமும் வளர்ந்துவிட்டது. கணிதத்தில் ஆர்வமுள்ள பார்வையற்ற மாணவியை ஆண்டு விழாவுக்குப் பாடவைத்து, வடிவியல் வகுப்பில் சும்மா உட்காரவைப்பது அநீதி. இசை அவளுக்கு இன்னொரு கதவாக இருக்கலாம். மற்றக் கதவுகளை மூடும் தாழ்ப்பாளாக ஆகக்கூடாது.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. வெற்றுத் தீப்பெட்டிக்குள் நாலு கம்பு மணி போட்டால் ஒரு கிலுகிலுப்பை. கேழ்வரகு போட்டால் ஓசை மெலியும், மொச்சை போட்டால் தடிக்கும். எந்தப் பெட்டி எந்த ஓசை என்று கண்ணை மூடிக் கண்டுபிடிப்பதே கேட்புப் பயிற்சி. அச்சகங்களில் கழிக்கும் அட்டை, டப்பா, தேங்காய்ச் சிரட்டை எல்லாம் உதவும். ஒரே எச்சரிக்கை: பட்டாசு ஆலையிலிருந்து வரும் அட்டைக் குழாயைத் தொடவே கூடாது. மருந்து பட்டதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. பிடிப்பு நலிந்த கைக்குக் கிலுகிலுப்பையைத் துணிப்பட்டையால் மணிக்கட்டில் கட்டிவிடலாம். பேச முடியாத பிள்ளைக்கு இரண்டு பாட்டுகளின் படத்தை நீட்டி, எது வேண்டும் என்று கண்ணாலோ விரலாலோ தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சில பிள்ளைகளுக்கு அன்றைய நாளில் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அதுவாக இருக்கும்.

வீட்டில் கிடக்கும் பிள்ளைக்குப் பயிற்றுநர் வந்துபோகும் நேரம் போதாது; மற்ற நேரமெல்லாம் பாட்டியிடம்தான். பாட்டிக்குத் தாலாட்டும் கும்மிப் பாட்டும் நடவுப் பாட்டும் தெரியும். எந்த இடத்தில் பாட்டை நிறுத்தி, பிள்ளை ஒரு ஒலியோ அசைவோ தரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் பயிற்றுநர் காட்டிக்கொடுத்தால் போதும். இங்கிலாந்தில் 1959-இல் பால் நார்டாஃப், கிளைவ் ராபின்ஸ் இருவரும் தொடங்கிய புகழ்பெற்ற முறையின் உயிரும் இதுவே: பிள்ளை எழுப்பும் ஓசையைக் கேட்டு, அதற்கேற்ப வாசித்து, அதன் பதிலுக்கு இடம் விடுவது. தேதி, பாடிய பாட்டு, எத்தனை முறை பதில் வந்தது, உதவியோடா தானாகவா என்று நான்கு கட்டம் போட்ட நோட்டு ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டால், வேலை முடிந்து வரும் தாய்க்கும் பிள்ளையின் பகல் தெரியும். அடுத்த முறை வரும் பயிற்றுநர் எதைத் தொடர்வது, எதைக் கைவிடுவது என்று முடிவெடுக்கவும் அதுவே உதவும்.

இப்படித் தொடங்கும் பிள்ளைகளில் சிலருக்கு இசையே பிடித்துப்போகும். அப்போது முதலில் சொன்ன இரண்டாவது வழி திறக்கவேண்டும். நாடக மேடையில் பாடிச் சிறை சென்ற எஸ்.எஸ். விசுவநாத தாஸ் 1886-இல் பிறந்த ஊர் சிவகாசி. பாட்டு இந்த மண்ணுக்கு அந்நியமானதல்ல. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளி விருதுநகரில் இயங்குகிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய பிரிவுகளில் மூன்றாண்டுப் படிப்பு. நாதசுரம், தவில், தேவாரப் பிரிவுகளில் சேர எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். தகதிமியில் பேசப் பழகிய ஒரு பிள்ளை 12 வயதைத் தாண்டியதும் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் அதன் பெற்றோருக்குச் சொல்லவேண்டிய தகவல்களில் இதுவும் ஒன்று.